பாக்கி நோட்டும் சமாதானமும்

(வேத பாடம்: 2 இராஜாக்கள் 4-ம் அதிகாரம். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கவும்.)

 

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஜெபக் குறிப்பு எழுதித் தரச் சொன்னால், பாதிச் சீட்டுகளில் ஒரே வார்த்தைதான் இருக்கும்: சமாதானம். வீட்டில் சமாதானம் இல்லை, மனசில் சமாதானம் இல்லை, படுத்தால் தூக்கம் இல்லை. தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பிவிட்டால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஜெபம் முடிந்தபின் ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்து, "என்னம்மா விஷயம்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் உண்மை வெளியே வரும். பிசாசின் போராட்டம் என்று ஆரம்பித்த பேச்சு, பெரும்பாலும் ஒரு கடன் கணக்கில் வந்து நிற்கும்.

நம்முடைய ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இலட்சக்கணக்கான ஜனங்கள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கிறார்கள். தூர தேசங்களிலிருந்து வந்து மாதக்கணக்கில் ஆசிரமங்களில் மௌனமாய் உட்காருகிறவர்கள் உண்டு. ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் "நிம்மதிக்காக" என்பார்கள். அந்தத் தேடுதலை நான் கேலி பண்ண மாட்டேன். என் கேள்வி நமக்குத்தான். சமாதானப் பிரபு என் வீட்டில் இருக்கிறார் என்று வாசற்படியில் வசன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற நமக்கு ஏன் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது?

ஒரே அதிகாரம், இரண்டு வீடுகள்

2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தில் இரண்டு ஸ்திரீகள் வருகிறார்கள். முதலாமவள் ஏழை விதவை. இரண்டாமவள் சூனேம் ஊரின் கனம் பொருந்திய ஸ்திரீ. ஒருத்திக்குக் கடன், மற்றவளுக்குச் சாவு. இரண்டு வீட்டுக்கும் எலிசா தீர்க்கதரிசிதான் ஊழியக்காரர்.

முதல் வீட்டைப் பார்ப்போம் (வச. 1-7). அவளுடைய புருஷன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், கர்த்தருக்குப் பயந்தவன். அதாவது ஊழியக்காரன் வீடு. அவன் செத்துப்போனான், கடனை விட்டுவிட்டுப் போனான். யோசேப்பஸ் என்ற பழைய யூத சரித்திர ஆசிரியர், இவள் ஒபதியாவின் மனைவி என்றும், யேசபேலுக்குப் பயந்து ஒளிந்திருந்த தீர்க்கதரிசிகளைப் போஷிக்கத்தான் அவன் கடன் வாங்கினான் என்றும் எழுதியிருக்கிறார். வேதத்தில் அந்த விவரம் இல்லை. ஆனாலும் நல்ல காரியத்துக்காக வாங்கினாலும் கடன் கடன்தான். கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கிறான். இரண்டு பையன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோகப் போகிறான்.

இந்த இடத்தில் நாம் என்ன ஜெபிப்போம்? "ஆண்டவரே, கடன்காரன் கண்ணை அடைத்துப்போடும், அவன் நாவைக் கட்டிப்போடும்" என்று ஜெபிப்போம். நான் கேட்டிருக்கிறேன். எலிசா அப்படி ஜெபிக்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொல்லுகிறார். கதவைப் பூட்டிக்கொண்டு ஊற்றச் சொல்லுகிறார். பாத்திரம் தீர்ந்தது, எண்ணெயும் நின்றது. பெரிய அற்புதம்! அல்லேலூயா! நம்முடைய சாட்சி நேரமாக இருந்தால் கதை இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் 7-ம் வசனம் இருக்கிறது. அவள் மறுபடியும் தேவ மனுஷனிடம் போகிறாள். அவர் மூன்று காரியம் சொல்லுகிறார். விற்க வேண்டும். கடனை அடைக்க வேண்டும். மிச்சத்தைக் கொண்டு அவளும் பிள்ளைகளும் பிழைக்க வேண்டும். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அடை, பிறகு மீதியில் சாப்பிடு. நாம் முதலில் சாப்பிடுகிறோம், பிறகு மீந்தால் பார்க்கலாம் என்கிறோம். எப்போது மீந்தது?

எபிரெய பாஷையில் ஒரு இரகசியம்

சமாதானம் என்று நம்முடைய வேதாகமத்தில் வருகிற இடங்களில் எபிரெய மூலத்தில் பெரும்பாலும் "ஷாலோம்" என்ற வார்த்தை இருக்கிறது. குறைவில்லாமல் முழுமையாயிருப்பது என்பது அதன் அடிப்படை அர்த்தம். அதே வேரிலிருந்து ஒரு வினைச்சொல் பிறக்கிறது: "ஷில்லேம்". அதற்கு அர்த்தம், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்ப்பது. எலிசா அந்த விதவையிடம் கடனை அடை என்று சொன்ன 7-ம் வசனத்தில் இருக்கிறது இந்தச் சொல்தான்.

யாத்திராகமம் 22-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மாட்டைத் திருடினவன், பிறன் வயலில் மேய்த்தவன், நெருப்பு வைத்துக் கதிரை எரித்தவன், இரவல் வாங்கின மிருகத்தைச் சாகவிட்டவன், இவர்கள் எல்லாரும் பதிலுக்குப் பதில் கொடுக்க வேண்டும் என்று மோசே திரும்பத் திரும்பச் சொல்லுகிறார். அங்கெல்லாம் இதே வினைச்சொல். எபிரெயனுடைய காதில் "சமாதானம்" என்பதும் "பாக்கியைத் தீர்" என்பதும் அண்ணன் தம்பி போல ஒரே சத்தமாய்க் கேட்கும். நம்முடைய தமிழில் அந்தச் சத்தம் தொலைந்துபோனது. அதனால் சமாதானம் என்றால் பாட்டு நேரத்தில் கண்ணீரோடு வருகிற ஒரு சுகமான உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டோம்.

ஏசாயா 32:17-ம் அதையேதான் சொல்லுகிறது. நீதி விதை, சமாதானம் அதில் காய்க்கிற காய். நெல் விதைக்காமல் களத்துமேட்டில் போய் நின்று "ஆண்டவரே, மூட்டை மூட்டையாய் இறங்கட்டும்" என்று ஸ்தோத்திரம் பண்ணினால் என்ன கிடைக்கும்?

ஒரு எச்சரிப்பு. இதை வாசித்துவிட்டு, கடனைக் கட்டினால் பரலோகம் போகலாம் என்று யாரும் போதிக்க வேண்டாம். தேவனோடு நமக்குள்ள சமாதானம் விசுவாசத்தினாலே வருகிறது (ரோமர் 5:1). அந்தக் கடன் பத்திரத்தை இயேசு சிலுவையில் ஆணியடித்துவிட்டார் (கொலோசெயர் 2:14). சகேயு பணம் கொடுத்து இயேசுவைத் தன் வீட்டுக்கு வரவழைக்கவில்லை. இயேசு முதலில் வீட்டுக்குள் வந்தார், அதற்குப் பிறகுதான் சகேயுவின் பணப்பை திறந்தது (லூக்கா 19). ஆனால் திறந்தது! இயேசு உள்ளே வந்தும் பணப்பை திறக்கவில்லை என்றால், உள்ளே வந்தது யார் என்று கேட்க வேண்டியதுதான்.

இரண்டு தெரு சுற்றி வந்த சகோதரர்

பெயர் சொல்லாமல் ஒரு சாட்சி எழுதுகிறேன். அவரே எழுதச் சொன்னார். டீக்கடை வைத்திருக்கிற சகோதரர். மனைவிக்கு ஆஸ்பத்திரி செலவு வந்த வருஷத்தில், மளிகைக்கடையில் பாக்கி 4,300 ரூபாய் ஏறிப்போனது. கடை நம்முடைய ஜெப வீட்டுக்கு வருகிற வழியில். அவர் அந்தத் தெருவில் வருவதையே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு இரண்டு தெரு சுற்றி ஆராதனைக்கு வருவார். கிரிவலம் போகாத விசுவாசி, கடைக்காரருக்குப் பயந்து தெருவலம் வந்துகொண்டிருந்தார்! அவருடைய சின்னப் பையன்தான் ஒரு நாள் கேட்டிருக்கிறான்: "ஏன்பா நாம நேரா போறதே இல்ல?"

ஒரு திங்கட்கிழமை 500 ரூபாயை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். கூட்டம் குறைகிற வரைக்கும் ஓரமாய் நின்றார். "அண்ணே, மொத்தமா தர முடியல. மாசம் ஐந்நூறு தர்றேன். வராம இருந்ததுக்கு மன்னிச்சிடுங்க." கடைக்காரர் நம்முடைய மார்க்கத்தார் அல்ல. பாக்கி நோட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி, 500 கழித்து எழுதினார். பிறகு சொன்னாராம்: "காசு கூட பெரிசில்லப்பா. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனியே, அதான் கஷ்டமா இருந்துச்சு. தங்கச்சி உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

முழுத் தொகையும் தீர ஒன்பது மாதம் ஆனது. கடைசி மாதம் 300 ரூபாய். ஆனால் தூக்கம் எப்போது வந்தது என்று அவரைக் கேட்டேன். "முதல் நாளே, பாஸ்டர்" என்றார். இன்னும் 3,800 ரூபாய் பாக்கி இருக்கும்போதே தூக்கம் வந்துவிட்டது! கடைக்காரர் முகத்தைப் பார்த்த அன்றைக்கே சமாதானம் வந்தது. கடன் தீரும் வரைக்கும் அது காத்திருக்கவில்லை. நம்மில் அநேகர் "எல்லாம் சேரட்டும், மொத்தமாய்க் கொண்டுபோய்க் கொடுக்கலாம்" என்று வருஷக்கணக்கில் முகத்தை மறைக்கிறோம். மத்தேயு 18-ல் கடன்பட்ட வேலைக்காரன் எஜமான் காலில் விழுந்து தவணை கேட்டான். பிற்பாடு அவன் தப்புப் பண்ணினான், அது வேறே. தவணை கேட்டது தப்பில்லை. ஓடி ஒளிந்ததாக அங்கே எழுதியில்லை.

இந்த ஊரில் நம்முடைய தேவனை மற்றவர்கள் எதில் வாசிக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கைப்பிரதியிலா? பாக்கி நோட்டில் வாசிக்கிறார்கள். கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவனுக்குத் தாவீது என்ன பட்டம் கொடுக்கிறார் என்று சங்கீதம் 37:21-ல் பாருங்கள்.

பத்து வட்டியும் நெகேமியாவும்

கடன் வாங்கினவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது பாதிப் பிரசங்கம். கொடுக்கிறவர்களும் நம்முடைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம்முடைய ஊரில் பூ, பழம், டிபன், பொம்மை விற்கிறவர்கள் தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் சரக்கு எடுக்க யாரிடம் போகிறார்கள்? தண்டல்காரரிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் என்று பேர். முன்னாலேயே 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது அல்லவா? ஆகவே உண்மையில் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி விழுகிறது.

நெகேமியா 5-ம் அதிகாரத்தில் ஜனங்கள் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளையும் அடிமையாக்க வேண்டிய நிலைமைக்கு வந்து கூக்குரலிட்டார்கள். நெகேமியாவுக்கு மிகுந்த கோபம் வந்தது. அப்போது அவர்கள் வாங்கினது நூற்றுக்கு ஒன்று. அதை மாத வட்டி என்று வேத பண்டிதர்கள் பொருள் கொள்ளுகிறார்கள். ஒரு வட்டிக்கு நெகேமியா சபையைக் கூட்டிக் கண்டித்தார்! பத்து வட்டி வாங்குகிற ஒரு சகோதரன் நம்மோடு அப்பம் பிட்கிறான் என்றால், எருசலேமின் அலங்கத்தைக் கட்டுகிறோம் என்று நாம் பாடுவதில் என்ன அர்த்தம்?

2017 அக்டோபர் 23-ந் தேதி திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் நடந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. கந்துவட்டிக் கொடுமை என்று மனு கொடுத்து ஓய்ந்துபோன ஒரு கூலித்தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் தீக்குளித்து நான்கு பேருமே இறந்துபோனார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வாசலில் வந்து மிரட்டுகிறவர்கள் மேல் போலீசில் புகார் கொடுக்கலாம். அது அவிசுவாசம் அல்ல. பவுல் தன் ரோம குடியுரிமையைப் பயன்படுத்தினார். இதை வாசிக்கிற யாருக்காவது கடனால் செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே உங்கள் போதகரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ வாய் திறந்து சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எந்நேரமும் உண்டு. எலியாவும் சாவு கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்தவர்தான். தேவதூதன் அவரைத் திட்டவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான்.

தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசு 2020-ல் ஆரம்பித்த சுவநிதி கடனைப் பற்றி நம்முடைய ஜனங்களில் அநேகருக்குத் தெரியாது. ஜாமீன் இல்லாமல் முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது, 2025-ல் அதை 15,000 ஆக உயர்த்தினார்கள். ஒழுங்காய்க் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியமாய்த் திரும்புகிறது. தண்டலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சபையில் படித்த வாலிபர்கள் இருக்கிறீர்களே, இரண்டு அம்மாமார்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். அதுவும் ஊழியம்தான்.

ஆரணியில் நடந்தது

சீக்கிரத்தில் ஐசுவரியவானாக அவசரப்படுகிறவனைக் குறித்து நீதிமொழிகள் 28-ம் அதிகாரத்தில் 20, 22 வசனங்களில் எழுதியிருக்கிறது. நம்முடைய ஜில்லாவில் அதைக் கண்ணால் பார்த்தோம். ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற சென்னை கம்பெனி ஆரணி, செய்யாறு முதலான ஊர்களிலும் கிளை திறந்தது. ஒரு இலட்சம் கட்டினால் மாதம் 25,000, 30,000 என்று வரும் என்றார்கள். 2022 மே மாதத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் வழக்குப் போட்டார்கள். போலீஸ் தரப்பு கணக்குப்படி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வசூலானது சுமார் 2,438 கோடி ரூபாய்.

நகையை அடகு வைத்துக் கட்டினவர்கள், நிலத்தை விற்றுக் கட்டினவர்கள் உண்டு. அவர்களுக்காக மனம் உருகி ஜெபிக்க வேண்டும், பரியாசம் பண்ணக்கூடாது. ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களில் இன்னொரு கூட்டம் உண்டு. தான் கட்டினது போதாதென்று, சொந்தக்காரரையும் சபையாரையும் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கினவர்கள். ஆசீர்வாதத்தைப் பற்றிய ஒரு வசனத்தையும் கூடச் சேர்த்துச் சொல்லி ஆள் பிடிப்பார்கள். திட்டம் கவிழ்ந்தபின் "எனக்கும்தான் நஷ்டம்" என்று ஒதுங்கிவிடுவார்கள். அந்தக் கமிஷன் யாருடைய பணம்? விதவையின் தாலிக்கொடி அதில் இருக்கிறது. சகேயு நாலத்தனை கொடுத்தான். நான் நாலத்தனை கேட்கவில்லை, வாங்கின கமிஷனையாவது திருப்பிக் கொடுங்கள் என்கிறேன். இதை எழுதினால் சிலர் கோபப்படுவார்கள், தெரியும்.

எழுப்புதல் எதில் தடைப்பட்டது?

எழுப்புதல் வேண்டும் என்று இராத்திரி ஜெபம் வைக்கிறோமே, கொரியா தேசத்து எழுப்புதல் எப்படி வெடித்தது தெரியுமா? 1907 ஜனவரியில் பியாங்யாங் நகரத்துப் பெரிய ஆலயத்தில் ஒரு வாரமாய்க் கூட்டம் நடந்தது. ஜனம் திரண்டு வந்தது, ஆனால் வானம் வெண்கலமாய் இருந்தது. அப்போது கில் சோன் ஜூ என்ற மூப்பர் எழுந்து நின்றார். சபையிலே மிகவும் மதிக்கப்பட்டவர். "நான்தான் ஆகான்" என்று ஆரம்பித்தார். ஒரு நண்பன் சாகும்போது தன் சொத்தைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் ஒப்புவித்துவிட்டுப் போனான். அந்த விதவையின் பணத்தில் சுமார் நூறு டாலரைத் தான் எடுத்துக்கொண்டதாகவும், அதை மறுநாள் காலையிலேயே கொடுத்துவிடப் போவதாகவும் சபைக்கு முன்பாக அறிக்கையிட்டார்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. விடியற்காலம் இரண்டு மணி வரைக்கும் ஒருவர் பின் ஒருவராய் எழுந்து அழுது அறிக்கை பண்ணினார்கள். கடைகளுக்குப் பழைய பாக்கிகள் திரும்பி வந்தன, திருடின பொருள்கள் வீடு தேடி வந்தன. ஜோனத்தான் கோபோர்த் என்ற மிஷனெரி அதே வருஷம் கொரியாவுக்குப் போய் இதையெல்லாம் விசாரித்து எழுதிவைத்தார். அந்தக் கில் மூப்பரும் அதே 1907-ல் முதன்முதல் அபிஷேகம் பண்ணப்பட்ட ஏழு கொரியப் போதகர்களில் ஒருவரானார். அந்நகரத்தில் ஜெபம் குறைவாய் இல்லை. தடை அந்த நூறு டாலரில் இருந்தது.

காணிக்கையா, கடனா?

இதை நான் சொல்லுவது சில ஊழியர்களுக்குப் பிடிக்காது. கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை எடுத்து "விசுவாசத்தில்" விசேஷித்த காணிக்கை போடாதீர்கள். மத்தேயு 5:23, 24-ல் ஆண்டவர் காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் விட்டுவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகி வா என்கிறார். லேவியராகமம் 6-ம் அதிகாரத்தில், பிறனை வஞ்சித்தவன் அசலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உடையவனிடம் கொடுக்க வேண்டும், அதோடுதான் குற்றநிவாரண பலி. உடையவனுக்குச் சேராமல் ஆசாரியனுக்கு மட்டும் சேர்ந்தால் அந்தப் பலி அங்கீகாரமாகாது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கையாக்கி ஏமாற்றினவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்று மாற்கு 7-ல் வாசியுங்கள். தேவனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்தவன் பணத்தைத் தேவனுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

கடன் என்றால் வட்டிக்கடன் மட்டுமல்ல. வீடு கட்டுகிற விசுவாசிகளே, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலியைச் சாயங்காலமே கொடுத்துவிடுங்கள். "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று அனுப்பினால் அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எப்படி எரியும்? பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார் (5:4). நாம் ஞாயிறு காலையில் கையை உயர்த்திப் பாடும்போது, அந்தக் கூக்குரலும் அதே சிங்காசனத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. எது முதலில் கேட்கும்?

சூனேம் ஊராள்

இப்போது அதே அதிகாரத்தின் இரண்டாம் வீட்டுக்கு வருவோம் (வச. 8-37). இவளுக்குக் கடன் இல்லை. ராஜாவிடம் சிபாரிசு வேண்டுமா என்று எலிசா கேட்டபோது, என் ஜனத்தின் நடுவே நன்றாயிருக்கிறேன் என்று சொன்ன நிறைவான ஸ்திரீ. கேட்காமலே ஒரு பிள்ளை கிடைத்தது. அந்தப் பிள்ளை அறுப்பு வயலில் "என் தலை நோகிறது" என்றான், மத்தியானம் தாய் மடியில் செத்துப்போனான்.

அவள் கழுதை மேல் சேணம் வைத்துப் புறப்படுகிறாள். ஏன் போகிறாய் என்று கேட்ட புருஷனுக்கும், வழியில் எதிர்கொண்டு வந்து சுகமா என்று விசாரித்த கேயாசிக்கும் அவள் சொன்ன பதில் எபிரெயத்தில் ஒரே வார்த்தை: ஷாலோம் (வச. 23, 26). விதவைக்கு எலிசா சொன்ன வார்த்தையின் வேர்தான் இதுவும். அங்கே தீர்க்கக்கூடிய கணக்கு. இங்கே எந்த எண்ணெயை விற்றும் தீர்க்க முடியாத கணக்கு. கட்டிலில் பிணம் கிடக்கிறது, வாயில் ஷாலோம்!

நம்முடைய ஊருக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1 சாயங்காலம், மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர். அதில் ஐந்து பேர் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் உட்பட. அந்த வாரம் முழுவதும் ஊரில் யாரும் சத்தமாய்ப் பேசவில்லை. டிசம்பர் 13-ந் தேதி தீபத்துக்கு மலையேறவும் அந்த வருஷம் ஜனங்களை விடவில்லை. அந்தத் தெருவில் நின்றுகொண்டு "கணக்கைத் தீர்த்தால் சமாதானம் வரும்" என்று ஒருவன் பிரசங்கித்தால் அவனைப்போல மூடன் இல்லை. யோபுவின் சிநேகிதர்கள் செய்த தப்பு அதுதான். கஷ்டம் வந்த வீட்டில் பாவத்தைத் தேடாதீர்கள்.

சூனேம் ஊராள் தன் மனசை மறைத்துப் பொய் சொன்னாள் என்று சிலர் சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேயாசிக்கு ஒரு வார்த்தை போதும் என்று விட்டாள். தேவ மனுஷனைக் கண்டவுடனே காலைப் பிடித்துக்கொண்டாள். "நான் பிள்ளை கேட்டேனா?" என்று கேட்டாள். ஆத்துமா கசந்துபோன ஸ்திரீ அவள். வேதமே அப்படிச் சொல்லுகிறது. சமாதானம் உள்ளவர்கள் அழக்கூடாது என்று யார் சொன்னது? அழுகிறதற்கு எந்தக் காலைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தள்ளிவிட வந்த கேயாசியை எலிசா தடுத்தார். அவளை விட்டுவிடு என்றார். சாவு வீட்டில் அழுகிற சகோதரியைப் பார்த்து "விசுவாசமாயிரு, அழாதே" என்று அதட்டுகிற கேயாசிகள் நமக்குள் அதிகம். கொஞ்சம் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

தீர்க்க முடியாதவர்களுக்காக

அப்படியானால் உண்மையாகவே கட்ட வழியில்லாதவர்கள்? வியாதி வந்து படுத்தவர்கள், புருஷன் வாங்கிவிட்டு ஓடிப்போன கடனுக்கு மகளிர் குழுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிற்கிற சகோதரிகள்? விதவையின் வீட்டில் எண்ணெய் ஒரு குடம்தான் இருந்தது. பாத்திரங்கள் யாருடையவை? அக்கம்பக்கத்தாருடையவை. அவர்கள் இரவல் கொடுத்திருக்காவிட்டால் அற்புதம் ஒரு குடத்தோடு நின்றிருக்கும். பவுல் பிலேமோனுக்கு எழுதும்போது, ஒநேசிமு பட்ட கடனை என் கணக்கில் வை, நான் தீர்ப்பேன் என்று தன் கையாலேயே எழுதுகிறார் (வச. 18, 19). அந்தப் பவுல் சிறையில் இருந்தார். கையில் பணம் இருந்ததா என்று தெரியாது. கையெழுத்து இருந்தது.

ஆகவே இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் குடும்ப ஜெபத்துக்குப் பின் ஒரு காகிதத்தை எடுங்கள். கணவனும் மனைவியும் ஒளிக்காமல், யாருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். அநேக வீடுகளில் மனைவிக்குத் தெரியாத கடன் கணவனுக்கும், கணவனுக்குத் தெரியாத சீட்டு மனைவிக்கும் இருக்கிறது. எழுதும்போதே சண்டை வரலாம், வரட்டும். எழுதி முடித்துவிட்டு ஜெபியுங்கள். பிறகு மிகவும் சின்னத் தொகை எதுவோ அதைக் குறித்துக்கொண்டு, அந்த மனுஷன் வீட்டுக்கு அல்லது கடைக்கு இந்த வாரமே நேர் தெருவில் நடந்துபோங்கள். தனியாய்ப் போகப் பயமாயிருந்தால் சொல்லுங்கள், கூட வருகிறேன்.

அடுத்த இதழில் பிலேமோனுக்கு எழுதின நிருபத்தை முழுவதுமாய்த் தியானிப்போம். ஒரே அதிகாரம்தான், இருபத்தைந்து வசனம். முன்னதாக இரண்டு தரம் வாசித்து வையுங்கள்.